வீட்டிலேயே உயிர் பிளாங்க்டன்: கடல்நீர்த் தொட்டிக்குத் தீனி வளர்க்கும் முழுமையான வழிகாட்டி

மாண்டரின் மீன் உறைந்த தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கோமாளி மீன் ஜோடி முட்டையிட்டால், பொரித்து வரும் குஞ்சுகளுக்கு முதல் நாளிலிருந்தே வாய்க்கு அடங்குகிற உயிர்த்தீனி வேண்டும். இறகுப் புழுவும் சின்னச் சிப்பியும் தண்ணீரில் மிதந்து வருவதை வடிகட்டியே வாழ்கின்றன. கடல்நீர்த் தொட்டிக்காரர்கள் பிளாங்க்டன் (தண்ணீரில் மிதந்து வாழும் நுண்பாசியும் சிற்றுயிரிகளும்) வளர்ப்பில் இறங்குவது பெரும்பாலும் இப்படி ஏதோ ஒரு குறிப்பிட்ட உயிருக்காகத்தான். அதனால் முதல் பாட்டிலை எடுக்கும் முன்பே, யாருக்காக வளர்க்கிறோம் என்பதை முடிவு செய்துவிடுவது நல்லது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆரம்பிப்பவர்கள் ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் கழுவி ஊற்றிவிடுகிறார்கள்.

யாருக்கு எது

அளவிலிருந்து தொடங்குவோம். நானோகுளோராப்சிஸ் என்ற பச்சை நுண்பாசியின் ஒரு செல் 2 முதல் 4 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). ரொட்டிஃபர் என்கிற சக்கர உயிரி, வகையைப் பொறுத்து ஏறத்தாழ 100 முதல் 340 மைக்ரான். அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறால் 400 முதல் 500 மைக்ரான். கோபிபாட் என்பது இறால் இனத்துக்கு உறவான சிற்றுயிரி; அதில் டிக்ரியோபஸ் வகை வளர்ந்தால் ஒரு மில்லிமீட்டரைத் தொடும், கண்ணுக்கே தெரியும். எந்த உயிரின் வாய்க்குள் எது போகும் என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

மாண்டரினுக்கும் அதைப் போல நாள் முழுக்கப் பாறையைக் கொத்திக்கொண்டிருக்கும் மீன்களுக்கும் கோபிபாட் வேண்டும். கோமாளி மீன் குஞ்சுக்கு முதலில் ரொட்டிஃபர், அப்புறம் ஆர்ட்டீமியா. சிப்பி, இறகுப் புழு, கடற்பஞ்சு ஆகியவற்றுக்கு நுண்பாசி போதும். எதை வளர்த்தாலும் நுண்பாசி இல்லாமல் நடக்காது, ஏனென்றால் மற்ற உயிரிகளுக்கும் அதுதான் தீனி.

பவளத்துக்காகப் பச்சைத் தண்ணீர், அதாவது நுண்பாசி வளர்ந்த தண்ணீர், ஊற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. தொட்டிகளில் நாம் வைத்திருக்கும் பெரும்பாலான பவளங்கள் வெளிச்சத்தில் வாழ்பவை. அவை பிடித்துத் தின்பது முக்கியமாக விலங்கு மிதவைகளை, பாசியை அல்ல. டெண்ட்ரோநெஃப்தியா போன்ற வெளிச்சம் தேடாத மென்பவளங்கள் விதிவிலக்கு. அவை நுண்பாசியையே உண்டு வாழ்கின்றன என்று செங்கடலில் செய்த ஆய்வு ஒன்று 1995-ல் வெளிவந்தது. மற்றப் பவளங்களுக்கு நன்மை சுற்றி வந்துதான் சேரும்: பாசியைத் தின்று தொட்டிக்குள் கோபிபாட் பெருகும், அதன் குஞ்சுகளைப் பவளம் பிடிக்கும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பவளம் பளபளக்கும் என்ற பேச்சை நான் பாதிக்கு மேல் நம்புவதில்லை.

ஒரே திசை

இந்த வேலையில் வளர்ப்பது சுலபம், கலக்காமல் காப்பதுதான் கடினம். பச்சைத் தண்ணீர் பாசி பாட்டிலிலிருந்து கோபிபாடுக்கும் ரொட்டிஃபருக்கும் போகலாம். அங்கிருந்து ஒரு சொட்டுகூடத் திரும்பி வரக்கூடாது. நல்ல சூழலில் ரொட்டிஃபர் கூட்டம் ஒரே நாளில் இரட்டிப்பாகும். பாசி பாட்டிலுக்குள் ஒன்றிரண்டு விழுந்தாலும் சில நாட்களில் கூட்டமாகிவிடும், அடர்பச்சை ஒரே இரவில் வெளுத்துவிடும். கோபிபாட் வாளிக்குள் ரொட்டிஃபர் நுழைந்தாலும் அதே கதைதான்: கோபிபாட் மெதுவாகப் பெருகுவது, போட்டியில் தோற்றுவிடும்.

எனவே வேலை வரிசை எப்போதும் இப்படி: முதலில் பாசி, அடுத்து கோபிபாட், அப்புறம் ரொட்டிஃபர், கடைசியில் மீன் தொட்டி. தொட்டியில் கை விட்டுவிட்டு வந்து பாசி பாட்டிலைத் திறக்கக்கூடாது. அளவுக் குவளை, சொட்டுக்குழல், சல்லடை, ஏர் ட்யூப் எல்லாம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. வண்ண டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். குமிழி உடையும்போது தெறிக்கும் நுண்துளியிலும் உயிரி பயணம் செய்யும். பாசியையும் ரொட்டிஃபரையும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து வைக்காமல், முடிந்தால் வேறு அறையில், இல்லையென்றால் அறையின் இரு மூலைகளிலாவது வையுங்கள். ஏர் பம்பும் தனித்தனியாக இருப்பது நல்லது. கரண்ட் போனால் தண்ணீர் ட்யூப் வழியே பின்னோக்கி ஏறும் என்பதால் ஒவ்வொரு ட்யூபிலும் ஒருவழி வால்வு வேண்டும், அல்லது பம்ப் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

சாமான்கள்

பாசிக்கு இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் இரண்டு அல்லது மூன்று. மூடியில் இரண்டு துளை: ஒன்றில் அடிவரை போகும் கெட்டியான ஏர் குழாய், மற்றொன்று காற்று வெளியேற, வெளியேறும் துளையில் கொஞ்சம் பஞ்சு அடையுங்கள். ஏர் ஸ்டோன் வேண்டாம். அதன் நுண்குமிழி நுரையைக் கட்டும், ஸ்டோன் துவாரங்களில் அழுக்கு தங்கும், கழுவிச் சுத்தம் செய்யவே முடியாது. குழாயின் திறந்த முனையிலிருந்து வரும் பெரிய குமிழி தண்ணீரைப் புரட்டிவிட்டால் போதும்.

விளக்கு 6500 கெல்வின் வெள்ளை எல்இடி. பவளத்துக்கான நீல விளக்கு இதற்குத் தேவையில்லை. பாட்டிலிலிருந்து 10, 15 சென்டிமீட்டர் தூரம். பாட்டில் சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள். டைமரில் 16 மணி நேரம் வெளிச்சம், 8 மணி நேரம் இருட்டு.

ரொட்டிஃபருக்கு 10 முதல் 20 லிட்டர் வெள்ளை வாளி. கோபிபாடுக்கு அகலமான, ஆழம் குறைந்த டப்பா. சல்லடையில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்: ரொட்டிஃபருக்கு 53 மைக்ரான், பெரிய கோபிபாடுக்கு 150 மைக்ரானை ஒட்டி ஒன்று. உப்பளவு பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர், அம்மோனியா கிட், குளோரின் பார்க்கும் பட்டை, ஒரு கைலென்ஸ். மலிவான மைக்ராஸ்கோப் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். 40 மடங்கு பெருக்கமே ரொட்டிஃபரைக் காட்டப் போதும், பிரச்சினை வரும்போது ஊகம் செய்யும் வேலை மிச்சமாகும்.

தண்ணீர் தயாரிப்பு

ஆர்ஓ தண்ணீரில் கடல் உப்பைக் கலந்து ஒப்படர்த்தியை (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.020-க்குக் கொண்டு வாருங்கள். அதாவது லிட்டருக்குச் சுமார் 27 கிராம் உப்பு. இது கடலை விடக் கொஞ்சம் குறைவு, நானோகுளோராப்சிஸுக்குப் பிடித்த அளவு. மீன் தொட்டியில் மாற்றி எடுத்த பழைய தண்ணீரைப் பாசிக்குப் பயன்படுத்த ஆசை வரும், வேண்டாம். அதில் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகள் இருக்கின்றன.

இந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்க எளிய வழி பிளீச். வாசனையோ சோப்போ சேராத சாதாரண 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டை லிட்டருக்கு ஒரு மில்லி வீதம் விட்டுக் கலக்கி, மூடி, ஓர் இரவு விடுங்கள். பாட்டில், குழாய், மூடி எல்லாவற்றையும் அதிலேயே மூழ்கவைத்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். மறுநாள் சோடியம் தயோசல்பேட் கரைசலைச் சிறிது சிறிதாக விட்டு, குளோரின் பட்டை பூஜ்யம் காட்டும் வரை நடுநிலையாக்குங்கள். மூக்கை நம்பாதீர்கள். வாசனை போன பிறகும் பாசியைக் கொல்லும் அளவுக்குக் குளோரின் மிச்சம் இருக்கலாம்.

குழாயில் படிந்த வெள்ளைக் காரையை வினிகர் நன்றாக எடுக்கும். ஆனால் வினிகரும் பிளீச்சும் சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு வரும். இரண்டையும் வேறு வேறு நாளில் வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் நன்றாக அலசுங்கள்.

பச்சைத் தண்ணீர்

ஆரம்பத்துக்கு நானோகுளோராப்சிஸைத் தவிர வேறொன்றும் நினைக்க வேண்டாம். முரட்டுப் பாசி, வெப்பம் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் தாங்கும். இபிஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு இதில் நிறைய. டிஹெச்ஏ என்ற மற்றொன்று இல்லையென்றே சொல்லலாம். அதற்கு ஐசோகிரைசிஸ் வேண்டும். டெட்ராசெல்மிஸ் ஏறத்தாழ 10 மைக்ரான் அளவில் நீந்தும் பச்சைப் பாசி, கோபிபாடுக்குப் பிரியமானது. நானோகுளோராப்சிஸ் (சுருக்கமாக நானோ) பாட்டில் நாலைந்து முறை பிரிபட்டு நன்றாக ஓடிய பிறகு ஐசோகிரைசிஸைத் தொடுங்கள். அது மென்மையானது, சூடு கூடினாலோ சுத்தம் குறைந்தாலோ மடங்கிவிடும்.

உரத்துக்கு உலகம் முழுக்கப் பயன்படுவது எஃப்/2 என்ற கலவை. கில்லார்டும் ரைதரும் 1962-ல் வெளியிட்ட 'எஃப்' கலவையின் பாதி வீரியம் இது. லிட்டருக்கு 75 மில்லிகிராம் சோடியம் நைட்ரேட், 5 மில்லிகிராம் சோடியம் பாஸ்பேட், அணுவளவு உலோகங்கள், பி1, பி12, பயோட்டின் ஆகிய வைட்டமின்கள். புட்டியில் கரைசலாகவே கிடைக்கிறது. லேபிளில் சொன்ன அளவுக்கு மேல் போட வேண்டாம். செடிக்குப் போடும் உரத்தை வைத்து ஒப்பேற்றுபவர்களும் உண்டு. அதில் யூரியா, அம்மோனியா, தாமிரம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் போடக்கூடாது, தாமிரம் முதுகெலும்பில்லாத உயிரிகளுக்கு விஷம். அந்தச் சிக்கனம் எனக்குப் பிடிப்பதில்லை.

குளோரின் முழுதும் போன தண்ணீரில் உரத்தைக் கலக்குங்கள். குளோரின் இருந்தால் வைட்டமின் சிதைந்துவிடும், அதனால்தான் இந்த வரிசை. பாட்டிலில் ஒன்றேகால் லிட்டர் ஊற்றி, அதில் தாய்க் கல்ச்சர் (வளர்ப்பைத் தொடங்க வாங்கி வந்த உயிர்ப்பாசி) 300 முதல் 400 மில்லி சேருங்கள். மேலே இடம் விட வேண்டும், நுரை ஏறும். முதல் இரண்டு நாள் விளக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீர்த்த கல்ச்சருக்கு முழு வெளிச்சம் அதிகம். அறை வெப்பம் 20 முதல் 25 டிகிரி இருந்தால் நன்று.

மூன்றாம் நாளில் நிறம் தெளிவாகக் கூடத் தொடங்கும். ஏழு முதல் பத்து நாளில் பாட்டிலுக்குப் பின்னால் பிடித்த விரல் தெரியாத அளவுக்கு அடரும். இன்னும் நிதானமாக அளக்க வேண்டுமென்றால், ஒரு குச்சியின் முனையில் கறுப்பும் வெள்ளையும் தீட்டிய சின்ன வட்டத்தை ஒட்டி, குச்சியில் சென்டிமீட்டர் கோடு போட்டு, வட்டம் மறையும் ஆழத்தைக் குறித்து வாருங்கள். ஆழம் குறையக் குறைய அடர்த்தி கூடுகிறது என்று அர்த்தம். ஆழம் மேற்கொண்டு குறையாமல் நின்றுவிட்ட மறுநாள்தான் அறுவடை நாள். அதற்கு மேல் வைத்திருந்தால் உரம் தீர்ந்து கல்ச்சர் கிழடாகும்.

அறுவடையில் நாலில் மூன்று பங்கை எடுத்துவிட்டு, மீதிக் கால் பங்கைச் சுத்தமான வேறு பாட்டிலில் புதிய தண்ணீரோடும் உரத்தோடும் சேருங்கள். அதே பாட்டிலில் மேலே ஊற்றி ஓட்டினால் சுவரில் படியும் படலமும் சேர்ந்து வளரும். இரண்டு பாட்டில்களையும் ஒரே நாளில் பிரிக்காதீர்கள், நாலு நாள் இடைவெளி விடுங்கள். ஒன்று சரிந்தால் மற்றது இருக்கும்.

எடுத்த பாசியை ஃப்ரிட்ஜில் மூடி வைத்துத் தினம் ஒரு முறை குலுக்கிவிட்டால் மூன்று வாரம் வரை தாக்குப்பிடிக்கும். உறையவைக்கக்கூடாது, செல் உடைந்துவிடும். தீனிக்கு எடுப்பதிலிருந்து தனியாக ஒரு சின்னப் பாட்டிலை 'தொடாதே' என்று எழுதி ஃப்ரிட்ஜின் மூலையில் வையுங்கள், மாதத்துக்கு ஒரு முறை புதுப்பியுங்கள். அகார் தட்டில் வரும் பாசி கிடைத்தால் அது இன்னும் நீண்ட நாள் காப்பு.

நிறம் மஞ்சளாவது, திடீரென்று தெளிவது, அடியில் திட்டுத்திட்டாகப் படிவது, அழுகிய வாடை: இவற்றில் எது வந்தாலும் அந்தப் பாட்டிலை மீட்க முயல வேண்டாம். ஊற்றிவிட்டு பிளீச் போட்டுக் கழுவுங்கள். ஐசோகிரைசிஸ் இயல்பிலேயே பொன்பழுப்பு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், அதைப் பார்த்துப் பதறிக் கொட்டியவர்கள் உண்டு.

ரொட்டிஃபர்

ஜப்பானில் விலாங்கு வளர்க்கும் குளங்களில் ரொட்டிஃபர் ஒரு தொல்லையாகத்தான் முதலில் அறியப்பட்டது. பாசியைத் தின்று தண்ணீரைக் கெடுத்துவிடும். அதையே மீன்குஞ்சுக்குத் தீனியாக வளர்க்கலாம் என்று இத்தோ என்ற ஆய்வாளர் 1960-ல் காட்டினார். இன்று கடல்மீன் குஞ்சு வளர்ப்பின் பெரும்பகுதி இதை நம்பித்தான் நடக்கிறது.

வீட்டுக்கு ஏற்றது பிரக்கியோனஸ் பிளிக்காட்டிலிஸ், அதாவது பெரிய 'எல்' வகை. ஆண் துணையே இல்லாமல் பெண் உயிரி முட்டையிடும், முட்டை ஒரு நாளைச் சுற்றிப் பொரியும். ஒப்படர்த்தி 1.015 முதல் 1.019, வெப்பம் 25 முதல் 28 டிகிரி. காற்று மிதமாக, அடியிலிருந்து.

வாளியில் பாதிக்குப் பச்சைத் தண்ணீர் கலந்த உப்பு நீர், அதில் வாங்கி வந்த ரொட்டிஃபர். காலை, மாலை இரு வேளை தீனி: தண்ணீர் லேசாகப் பச்சை காட்டும் அளவுக்கு. அடுத்த வேளைக்குள் தெளிந்துவிட்டால் கொஞ்சம் கூட்டுங்கள், தெளியவே இல்லையென்றால் அந்த வேளையை விடுங்கள். சொந்தப் பாசி போதாத நாட்களுக்கு அடர்த்தியான பாசிக் கூழ் நல்ல கைத்துணை. ஈஸ்ட் மலிவுதான், ஆனால் தண்ணீரை நாறடிக்கும், மீன்குஞ்சுக்குத் தேவையான கொழுப்பும் அதில் இல்லை.

எண்ணிக்கை பார்க்க ஒரு மில்லியை எடுத்து, ஒரு சொட்டு லூகால் அயோடின் விட்டு நிறுத்தி, லென்ஸில் எண்ணுங்கள். மில்லிக்கு 100-ஐத் தாண்டினால் அறுவடை தொடங்கலாம். தினம் கால் பங்குத் தண்ணீரை 53 மைக்ரான் சல்லடையில் வடித்து, அதே அளவு புது உப்பு நீர் சேருங்கள். இங்கே பலர் தடுமாறுவார்கள்: குஞ்சு இன்னும் பொரிக்கவில்லை, எதற்கு எடுப்பது என்று கூட்டத்தை விட்டுவைப்பார்கள். எடுக்காத கூட்டம் அம்மோனியாவில் மூழ்கிச் சரியும். தேவையில்லாத நாளிலும் எடுத்து மீன் தொட்டியில் ஊற்றிவிடுங்கள்.

கூட்டத்தின் உடல்நலத்தை முட்டையே சொல்லும். வாலடியில் முட்டை சுமக்கும் பெண்கள் நிறையத் தெரிந்தால் நாளைக்குக் கூட்டம் பெருகும். முட்டை குறைந்து, நீச்சல் மந்தமானால் தீனி போதவில்லை அல்லது அம்மோனியா ஏறிவிட்டது. இன்றே கிட்டை எடுத்துப் பாருங்கள். பிஹெச் உயர உயர அம்மோனியாவின் விஷம் கூடும். சறுக்கிக்கொண்டு வேகமாக ஓடும் குட்டிக்குட்டி சீலியேட்டுகள் (ஒற்றைச் செல் உயிரிகள்) பெருகினால், எல்லாவற்றையும் 53 மைக்ரானில் வடித்து நன்றாக அலசுங்கள். சீலியேட் துளை வழியே போய்விடும், ரொட்டிஃபர் நிற்கும். எப்படியும் வாரத்துக்கு ஒரு முறை இதைச் செய்து சுத்தமான வாளிக்கு மாற்றுவது வழக்கமாகட்டும். வாளிக்குள் தொங்கவிட்ட ஒரு துண்டு வடிகட்டிப் பஞ்சு மிதக்கும் அழுக்கைப் பிடிக்கும்.

ரொட்டிஃபர் ஒரு பை மாதிரி. உள்ளே எதைப் போட்டீர்களோ அதுதான் மீன்குஞ்சின் வயிற்றுக்குப் போகும். பட்டினி கிடந்த ரொட்டிஃபரைக் கொடுத்தால் குஞ்சு வயிறு நிறைந்தும் சாகும். கொடுப்பதற்குச் சில மணி நேரம் முன்பு ஐசோகிரைசிஸ் அல்லது டிஹெச்ஏ நிறைந்த கூழ் ஊட்டுங்கள். கோமாளி மீன் முட்டை வெப்பத்தைப் பொறுத்து 7 முதல் 10 நாளில், விளக்கணைந்த பிறகு பொரிக்கும். எனவே முட்டை இட்ட அன்றே ரொட்டிஃபர் வாளி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அன்று ஆரம்பிப்பது தாமதம். குஞ்சுத் தொட்டியில் கொஞ்சம் நானோ கலந்து லேசான பச்சையில் வைத்தால் அங்கிருக்கும் ரொட்டிஃபரும் பட்டினி கிடக்காது, குஞ்சுக்கும் தீனி எடுப்பாகத் தெரியும்.

கோபிபாட்

மெதுவானது, ஆனால் ரொட்டிஃபரைப் போலப் பதறவைக்காது. ஒரு மாதம் பொறுமை இருந்தால் இதுதான் வீட்டுக்கு மிகத் திருப்தியான வளர்ப்பு என்பேன்.

டிக்ரியோபஸ் கலிஃபோர்னிகஸ் அலையோரப் பாறைக்குழிகளில் வாழ்வது. வெயிலில் உப்பு ஏறுவதும் மழையில் இறங்குவதும் அதற்குப் பழக்கம், அதனால் நம் கைத்தவறுகளையும் தாங்கும். சிவந்த நிறம், துள்ளல் நீச்சல். மீன் உடனே கவனிக்கும். டிஸ்பே அதைவிடச் சிறியது, பாறை இடுக்கிலும் மணலிலும் ஒட்டி வாழும்; மீன் தொட்டிக்குள் நிலையாகக் குடியேறுவது இதுதான். மாண்டரினுக்காக என்றால் இரண்டையும் தனித்தனி டப்பாவில் வளர்த்து, டிஸ்பேயைத் தொட்டியில் குடியமர்த்தி, டிக்ரியோபஸைத் தின்னக் கொடுப்பேன். அபோசைக்ளாப்ஸ் நடுவாந்தரம்; அதன் குஞ்சுகள் தண்ணீரில் மிதந்து திரியும் என்பதால் பவளத்துக்கும் மீன்குஞ்சுக்கும் உதவும்.

இவற்றுக்கு ஆழத்தைவிடப் பரப்பு முக்கியம், ஏனென்றால் டிஸ்பேயும் டிக்ரியோபஸும் சுவரிலும் அடியிலும்தான் மேயும். ஐந்து லிட்டர் கொள்ளும் அகல டப்பா, ஒப்படர்த்தி 1.020 முதல் 1.025, விநாடிக்கு ஒன்றிரண்டு குமிழி. அறை வெளிச்சமே போதும். வெப்பம் 20 முதல் 25 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி.

தீனி விதி ரொட்டிஃபருக்குச் சொன்னதேதான், இன்னும் சிக்கனமாக. தண்ணீர் இளம்பச்சை ஆகும் வரை பாசி ஊற்றுங்கள். முழுதும் தெளிந்த பிறகே அடுத்தது. நானோவோடு டெட்ராசெல்மிஸோ ஐசோகிரைசிஸோ கலந்து கொடுத்தால் பெருக்கம் நன்றாக இருக்கும். கோபிபாட் கல்ச்சர்கள் பட்டினியால் சாவதைவிட அதிகத் தீனியால் சாவதுதான் அதிகம்.

இரண்டாவது வாரத்தில் லென்ஸை எடுங்கள். வாலடியில் முட்டைப்பை சுமக்கும் பெண்களும், ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு நீந்தும் ஜோடிகளும் தெரியும். அந்த ஜோடியில் ஆண், முதிராத பெண்ணைப் பிடித்துக்கொண்டு அது முதிரும் வரை விடாமல் காத்திருக்கும். முட்டையிலிருந்து வரும் நாப்ளியஸ் ஆறு நிலை, அப்புறம் கோபிபோடைட் ஐந்து நிலை கடந்தே வளர்ந்த உயிரி ஆகும். முதல் மூன்று நாலு வாரம் அறுவடை செய்யாமல் இருக்க வேண்டியதன் காரணம் இதுதான்.

அதன் பிறகு வாரம் கால் பங்கு எடுங்கள். 150 மைக்ரான் சல்லடையில் வளர்ந்தவை நிற்கும், குஞ்சுகள் கீழே போகும். கீழே போனதைத் திரும்ப டப்பாவில் ஊற்றிவிடலாம். அதே சமயம் அடியில் சேர்ந்த குப்பையைச் சின்னக் குழாயால் உறிஞ்சி எடுத்து, எடுத்த அளவு புது உப்பு நீர் விடுங்கள். குப்பையை உடனே கொட்டாமல் ஒரு குவளையில் சற்று நேரம் வையுங்கள், அதில் டிஸ்பே நிறைய ஒளிந்திருக்கும். இங்கும் இரண்டாவது டப்பா அவசியம்.

பார்வோகலானஸ் என்ற மிதக்கும் வகையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹவாயின் ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட் 2015-ல் மஞ்சள் டேங் மீனையும், புளோரிடா பல்கலைக்கழகக் குழு 2016-ல் நீல டேங்கையும் வளர்ப்பிலேயே குஞ்சு பொரிக்கவைத்துப் பெரிதாக்கிக் காட்டியபோது, ரொட்டிஃபரையே விழுங்க முடியாத அந்தக் குஞ்சுகளுக்குக் கைகொடுத்தது இதன் நாப்ளியஸ்தான். ஆனால் அதற்குத் தினமும் உயிருள்ள ஐசோகிரைசிஸ் வேண்டும், கூட்டம் நெருங்கினால் பிடிக்காது, சின்ன அதிர்ச்சிக்கும் சரியும். முதல் வருடத்துக்கு இது வேண்டாம்.

ஆர்ட்டீமியா

இதை வளர்ப்பு என்பதைவிடப் பொரிப்பு என்பதே சரி. தலைகீழாகத் திருப்பிய பாட்டிலில், லிட்டருக்கு 25 கிராமை ஒட்டிய உப்பு நீரில், லிட்டருக்கு ஒரு கிராம் முட்டை. 26 முதல் 28 டிகிரி, நல்ல வெளிச்சம், அடியிலிருந்து பலமான காற்று. சுமார் 24 மணி நேரத்தில் பொரிக்கும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும், பொரிக்காத முட்டை அடியில் தங்கும், குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் கூடும். அங்கிருந்து மட்டும் உறிஞ்சி எடுங்கள். ஓடு மீன்குஞ்சின் குடலை அடைக்கும்.

பொரித்த உடனே கொடுப்பதுதான் சத்து. மஞ்சள்கரு இன்னும் கரையாமல் இருக்கும். முதல் நிலையில் அதற்குத் திறந்த வாயே இல்லை, எதை ஊட்டினாலும் ஏறாது. சுமார் 8 மணி நேரம் கழித்துத் தோலுரித்த பிறகே ஊட்டம் ஏற்ற முடியும். ஆர்ட்டீமியாவில் இயல்பாக டிஹெச்ஏ இல்லாததால், குஞ்சுகளுக்குத் தொடர்ந்து கொடுக்கும்போது இந்த ஊட்டம் தேவை. கோமாளிக் குஞ்சுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆனதும் ரொட்டிஃபரோடு கலந்து தொடங்கலாம்.

மீன் தொட்டிக்குக் கொடுப்பது

விளக்கணைந்த பிறகு கொடுங்கள். ஸ்கிம்மர் (நுரையில் கழிவைப் பிரிக்கும் கருவி), யுவி விளக்கு இரண்டையும் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள், வடிகட்டிப் பையைக் கழற்றுங்கள். நீரோட்ட பம்ப் ஓடட்டும். ஸ்கிம்மரை மறந்துவிடாமல் திரும்பப் போட டைமர் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கோபிபாடை பாறை அடிவாரத்தில், நீரோட்டம் குறைந்த இடத்தில் குழாய் வைத்து விடுங்கள். ரெஃப்யூஜியம் (மீன் இல்லாத துணைத் தொட்டி) இருந்தால் பாதியை அங்கே, கீட்டோ என்ற இழைப்பாசிக்குள் விடுங்கள். அங்கே மீன் தொல்லை இல்லாமல் பெருகும்.

பச்சைத் தண்ணீர் ஊற்றினால் நைட்ரேட் ஏறுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கணக்குப் போட்டே பார்க்கலாம். எஃப்/2 அளவில் ஒரு லிட்டருக்குப் போகும் நைட்ரேட் ஏறத்தாழ 55 மில்லிகிராம், பாஸ்பேட் 3.4 மில்லிகிராம். பாசி உறிஞ்சியதும் உறிஞ்சாததும் சேர்த்தே இவ்வளவுதான். 200 லிட்டர் தொட்டியில் தினம் 100 மில்லி ஊற்றினால், ஒன்றும் வெளியேறவே இல்லை என்று வைத்தாலும் மாதத்துக்கு நைட்ரேட் லிட்டருக்கு 0.8 மில்லிகிராம், பாஸ்பேட் 0.05 மில்லிகிராம் கூடும். நைட்ரேட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். பாஸ்பேட்டை மட்டும் கவனியுங்கள். உரத்தைத் தாராளமாகப் போடுபவர்களுக்கு இந்த எண் இரண்டு மூன்று மடங்காகும். முதலில் 200 லிட்டருக்கு 20 மில்லியில் தொடங்கி, வாரம் ஒரு முறை சோதித்துக் கூட்டுங்கள்.

ஊருக்குப் போகும்போது

பாசியை ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம், கோபிபாட் டப்பாவில் வழக்கத்தைவிடச் சற்றே அதிகப் பச்சை காட்டி விட்டுப் போனால் ஒரு வாரம் தானே பார்த்துக்கொள்ளும். ரொட்டிஃபர்தான் சிக்கல். 'எல்' வகையை வடித்து அலசி, சுத்தமான பச்சைத் தண்ணீரில் நெருக்கமில்லாமல் விட்டு, முதலில் குளிர்ந்த இடத்தில் சில மணி நேரம் வைத்து, அப்புறம் ஃப்ரிட்ஜுக்கு மாற்றினால் சில நாட்கள் தூங்கிக் கிடக்கும். மூடியை இறுக்க வேண்டாம். திரும்பி வந்ததும் நேராகச் சூடான வாளியில் கொட்டாமல் அறை வெப்பத்துக்கு மெதுவாக வரவிடுங்கள். முதல் நாள் பாதி இறந்தது போலத் தெரியும். வடித்து, அலசி, லேசாகத் தீனி காட்டி மறுநாள் முட்டை தெரிகிறதா என்று பாருங்கள்.